மாத்தாள் ஏறிய கூண்டு

"வசந்தா... வசந்தா... வசந்தா..."

கோர்ட் டவாலி வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்பது முறை. இரண்டாவது தடவையிலேயே பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கறுப்புக் கோட்டுக் கூட்டத்தை, நாற்றங்காலுக்குள் புகுந்த ஆடுகளை ஒதுக்குவதுபோல ஒதுக்கிக்கொண்டு வந்து சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார்.

நிற்பதிலேயே ஒரு லட்சணம் இருந்தது. என் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் பல் பிடுங்க வந்தவர்கள்போலத்தான் கூண்டில் ஏறுவார்கள். இவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு நீதிபதியை நேருக்கு நேர் பார்த்தார். யாருடைய சாட்சியோ, கொடுத்துவைத்த வக்கீல் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, கூப்பிட்டது என் வழக்கை.

ஒரே ஒரு சிக்கல். அவர் வசந்தா இல்லை.

சத்தியப் பிரமாணம் வாங்க எழுந்த கிளார்க் பெயரைக் கேட்டார்.

"மலர்க்கொடிங்க."

"வசந்தாவைத்தானே கூப்பிட்டாங்க?"

"ஆமாங்க. அக்கா நடவுல நிக்குது. நான் அதுக்கு மாத்தாளு."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி அம்மா பேனாவை மூடி வைத்தார். பேனாவை மூடுகிற நீதிபதி ஆபத்தானவர் என்பது என் அனுபவம். பிறகு நிதானமாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

இலவச மிக்ஸியும் இலவச வக்கீலும்

போன வாரம் இந்தப் பத்தியில் என் கறுப்புக் கோட்டைக் கரையான் தின்ற கதையைப் படித்துவிட்டு, நீங்கள் உண்மையிலேயே வக்கீல்தானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தச் சந்தேகம் என் மனைவிக்கும் உண்டு.

தஞ்சாவூரில் என் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. படியேறி வருபவர்களில் பாதிப் பேர், "ரெண்டு பக்கமும் எடுக்கணும் சார்" என்று ரேஷன் கார்டை நீட்டுவார்கள். ஆரம்பத்தில் கீழே போகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நானே வாங்கிக் கீழே கொண்டுபோய் எடுத்துக் கொடுத்துவிடுவேன். தொழில் இல்லாதபோது மனிதன் இறங்கி ஏறுவது உடம்புக்கு நல்லது.

வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கமே வக்கீல் ஏற்பாடு செய்து தருகிறது. இலவச சட்ட உதவி என்று பெயர். அந்தப் பட்டியலில் நான் பெயர் கொடுத்ததற்குக் காரணம் லட்சியம் என்று எழுத ஆசைதான். உண்மையில், பட்டியலில் இருந்தால் கட்சிக்காரர்களை அவர்களே அனுப்பிவைப்பார்கள். ஜெராக்ஸ் கேட்காத கட்சிக்காரர்கள்.

அப்படி வந்தவர்தான் வசந்தா. நாற்பதைத் தாண்டியவர். கண்டியூரைத் தாண்டி திருக்காட்டுப்பள்ளி சாலையில், குடமுருட்டி ஆற்றுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஊர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அலமாரியில் சட்டப் புத்தகங்கள் குறைவாகவும் மூட்டை கட்டிய பழைய பேப்பர் அதிகமாகவும் இருந்தன. ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார். இலவசம் என்றேன், பெருமையாக.

அவர் முகம் வாடிவிட்டது.

"வீட்டுல இலவச மிக்ஸி ஒண்ணு இருக்குங்க," என்றார். "ரெண்டு தடவை சட்னி அரைச்சுது. அப்புறம் சத்தம் மட்டும் போடும்."

நான் சத்தம்கூடப் போடமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, முதல் நாளே எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அவருடைய வீடு இரண்டு அறை, ஓட்டுக்கூரை. மாமனார் காலத்தில் பண்ணைக்காரர் குடிவைத்த மனை. பண்ணைக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று, நிலம் கைமாறிற்று, பக்கத்தில் புறவழிச்சாலை வந்தது. வந்ததும் அந்த மனையின்மேல் எல்லோருக்கும் திடீர்ப் பிரியம். வாங்கியவர் வெளிநாட்டில் இருந்தார். கல்யாண மண்டபம் கட்டப் போகிறாராம். 'இவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள், காலி செய்ய வேண்டும்' என்று வழக்கு. அவர் பக்கம் ஊரறிந்த சீனியர் வக்கீல். அந்தச் சீனியரின் காரிலிருந்து ஜூனியர்கள் இறங்குவதைப் பார்த்தால், வேன் என்று நினைக்கத் தோன்றும்.

பண்ணை வேலைக்காகக் குடிவைக்கப்பட்டவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று ஒரு பழைய சட்டம் நம்மிடம் இருக்கிறது. வாடகைக்கு வந்தவர்களுக்கு அது பொருந்தாது. ஆக வழக்கு மொத்தமும் ஒரே கேள்வி. வசந்தாவின் மாமனார் வேலைக்கு வைக்கப்பட்டவரா, வாடகைக்கு வந்தவரா?

மாமனாரும் இல்லை, மாமியாரும் இல்லை, கணவரும் கொழுந்தனும் போய்விட்டார்கள். சொல்லத் தெரிந்து மிஞ்சியிருந்தவர் வசந்தா ஒருவர்தான். சொல்ல வேண்டியதை எழுதி வாக்குமூலமாகக் கொடுத்தாயிற்று. ஆனால் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும்போது அவர் கூண்டில் நின்று பதில் சொல்லாவிட்டால், அந்த வாக்குமூலம் பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும்.

குனிய வேண்டிய இடம், நிற்க வேண்டிய இடம்

வாய்தா என்பது இரு தரப்புக்கும் பொது. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

எதிர்த்தரப்புக்கு வாய்தா என்றால், ஜூனியர் ஒருவர் எழுந்து நின்று அரை வாக்கியம் சொல்வது. சீனியர் மதுரையில், சீனியருக்குக் காய்ச்சல், சீனியர் வீட்டில் விசேஷம். வசந்தாவுக்கு வாய்தா என்றால், விடியுமுன் உலை வைத்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்து, அந்த அரை வாக்கியத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவது. அன்றைய வேலை போனது போனதுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. எனக்கு அது பிறகுதான் விளங்கியது.

நடவுக்கு இப்போதெல்லாம் செட்டாகத்தான் போகிறார்கள். இத்தனை பெண்கள் சேர்ந்து இந்த வயலை முடித்துத் தருகிறோம் என்று பேச்சு. ஒருவர் வராவிட்டால் அவர் பங்கும் மற்றவர்கள் முதுகில் ஏறும். அதனால் வர முடியாதவர் தன் இடத்துக்கு இன்னொரு ஆளை அனுப்ப வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் மாத்தாள். அனுப்பிவிட்டால் ஒரு குறையும் இல்லை, நீங்கள் வந்த மாதிரிதான். அனுப்பாமல் நின்றுவிட்டால் அடுத்த நடவுக்குச் செட்டில் இடம் சந்தேகம்.

வசந்தா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வயலுக்கு மாத்தாள் அனுப்பி அனுப்பி, கேட்கக்கூடிய எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டார். அந்தக் குறுவைக்கு இனி யாரும் மிச்சமில்லை. வயல்காரரோ, ஆள் குறைந்தால் மிஷின் நடவுக்குச் சொல்லிவிடுவேன் என்று வரப்பில் நின்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில்தான் என் வாய் கதைக்குள் வருகிறது.

மலர்க்கொடி கூண்டேறியதற்கு முந்தின வாய்தாவின்போது, கோர்ட் வராந்தாவில் வசந்தா என்னிடம் கேட்டார்: "இடத்தை வாங்குனவரு இதுல யாருங்க சார்?"

"அவரு வெளிநாட்டுல இருக்காரும்மா. அந்த வெள்ளைச் சட்டை இருக்காருல்ல, அவருக்குப் பதிலா வர்ற பவர் ஏஜெண்டு. மாத்தாளுன்னு வெச்சுக்குங்க."

"பெரிய வக்கீலு?"

"மதுரைக்குப் போயிருக்காரு. அந்தத் தம்பி அவருக்கு மாத்தாளு. கோர்ட்டுங்கிறதே மாத்தாளுங்க கூடுற எடம்தான்."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். என் ஜோக்குகளுக்கு அது வழக்கமான வரவேற்பு. வசந்தா சிரிக்கவில்லை. கேட்க வந்த விஷயத்துக்குப் பதில் கிடைத்துவிட்டவரைப்போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

இத்தனை வருஷத்தில் நான் கொடுத்த சட்ட ஆலோசனைகளில், ஒரு கட்சிக்காரர் ஓர் எழுத்து பிசகாமல் பின்பற்றியது அது ஒன்றைத்தான்.

ஏன் மலர்க்கொடியை வயலுக்கு அனுப்பிவிட்டு வசந்தா கோர்ட்டுக்கு வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மலர்க்கொடி அவருக்கு ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி. மாமனார் இறந்த பிறகு வாக்கப்பட்டு வந்தவர். முட்டி தேய்ந்துபோய்க் குனிய முடியாது. வயலில் குனிய வேண்டும், கோர்ட்டில் நின்றால் போதும். எப்படியும் இன்றைக்கும் வாய்தாதானே. குனிய முடிந்தவர் வயலுக்கும் நிற்க முடிந்தவர் கோர்ட்டுக்குமாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் படித்த சட்டக் கல்லூரியில் இவ்வளவு தெளிவாக யாரும் எதையும் பிரித்துச் சொன்னதில்லை.

நான் சொன்ன ஜோக்கிலேயே மோசமானது

நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார் என்றேன் அல்லவா. நான் எழுவதற்குள் எதிர்த்தரப்பு ஜூனியர் எழுந்துவிட்டார். ஆள்மாறாட்டம் என்றார். நீதிமன்றத்தை ஏமாற்றும் முயற்சி என்றார். பிரதிவாதி தரப்புச் சாட்சியத்தை இன்றே முடித்துவிட வேண்டும் என்றார்.

கூண்டிலிருந்து மலர்க்கொடி அமைதியாகச் சொன்னார். "நான் அக்கா பேரைச் சொல்லலைங்களே. எம் பேரைத்தானே சொன்னேன்."

அது ஒன்றுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. இன்னொருவர் பெயரில் சத்தியம் செய்திருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும்.

நான் எழுந்தேன். மாத்தாள் அனுப்பலாம் என்று என் கட்சிக்காரர் நினைத்தது நான் சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சால்தான் என்றேன். என்ன பேச்சு என்று அம்மா கேட்டார். வேறு வழியில்லை. நிறைந்த கோர்ட்டில், ஜூனியரையும் பவர் ஏஜெண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் யார் யாருக்கு மாத்தாள் என்று முழுவதையும் திரும்பச் சொன்னேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சுருக்கெழுத்தர் மட்டும் குனிந்து எதையோ தேடினார்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டரைக்குள்ள அவங்க இங்க இருக்கணும். இல்லேன்னா சாட்சியத்தை முடிச்சுடுவேன். ரெண்டு தரப்புக்கும் இனி வாய்தா கிடையாது."

சாட்சியம் முடிந்தால் வாக்குமூலம் போச்சு. வாக்குமூலம் போனால் வீடு போச்சு. வசந்தாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. வரப்பில், சோற்றுத் தூக்கோடு பைக்குள் கிடந்து அடித்திருக்கும்.

மலர்க்கொடியிடம் வீட்டுக்குப் போகச் சொன்னேன். மறுத்துவிட்டார். "அக்கா வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன் சார். எடத்தை வேற யாராச்சும் எடுத்துடப் போறாங்க," என்று கூண்டுக்கு எதிர்ப் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

கோட்டோடு வரப்பில்

என் மொபெட்டுக்கும் எனக்கும் ஒரே வயது என்று கிண்டல் செய்வார்கள். மேட்டில் இரண்டு பேருமே இளைப்போம். அன்று அது என்னை விட்டுக்கொடுக்கவில்லை. குடமுருட்டியில் புதுத் தண்ணீர் செம்மண் கலரில் நுரை கட்டிப் போய்க்கொண்டிருந்தது. வழி முழுக்க உழுத சேற்றின் வாசனை. கோட்டைக் கழற்றத் தோன்றவில்லை. உள்ளே வேர்வை வாய்க்காலாக ஓடியது.

வயலைக் கண்டுபிடித்துவிட்டேன். வரப்பைத்தான் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. நான் வரப்பென்று காலை வைத்தது நேற்றுப் பூசிய சேறு. ஒரு கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டை, சேற்றில் ஒரு கால். நடவு அப்படியே நின்றது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒரு வரிசையே குலுங்கியது.

வசந்தா மட்டும் சிரிக்கவில்லை. நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடி, "மலரு வந்துச்சுல்ல சார்?" என்றார்.

"வந்தாங்க. அவங்க பதில் சொல்ல முடியாதும்மா. வீட்டு விஷயம் உங்க வாயிலேர்ந்துதான் வரணும். ரெண்டரைக்கு நீங்க அங்க இல்லேன்னா இன்னியோட முடிஞ்சுது."

அவர் நட்ட பக்கத்தையும் நடாத பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வரப்பின் கோடியில் வயல்காரர் குடையோடு நின்றிருந்தார். ஒரு பக்கம் மிஷின், ஒரு பக்கம் கல்யாண மண்டபம். நடுவில் நான், ஒற்றைக் காலில்.

செட்டை நடத்தும் ராசாத்திதான் பேசினார். "கெளம்புடி. வீடே போயிட்டா உன்னை எந்த ஊர்லேர்ந்து நடவுக்குக் கூப்பிடுறது? ஒம் பங்கை நாங்க இழுத்துக்கிறோம்." பிறகு என் பக்கம் திரும்பி, "சார் வேணும்னா மாத்தாளா எறங்கட்டும். ஒரு காலுதான் ஏற்கெனவே எறங்கிடுச்சே."

"நான் நட்டா நாத்தே வாய்தா கேக்கும்," என்றேன்.

இந்தத் தடவை சிரித்தார்கள். குடைக்காரர்கூட.

வசந்தா வாய்க்காலில் கைகால் அலம்பினார். புடவை மாற்ற நேரமில்லை. அப்படியே மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டார்.

கூடுதலாக ஒரு கேள்வி

இரண்டரைக்குச் சற்று முன் நாங்கள் உள்ளே நுழைந்தபோது மலர்க்கொடி அதே பெஞ்சில் இருந்தார். வசந்தா கூண்டில் ஏறினார். சத்தியம் செய்தார்.

எதிர்த்தரப்பு ஜூனியர் எழுந்தார். மிகுந்த பணிவோடு, சீனியர் மதுரையிலிருந்து இன்னும் திரும்பவில்லை, ஒரு குறுகிய வாய்தா வேண்டும் என்றார்.

நான் ஆட்சேபிக்க எழுந்தேன். நம்புங்கள், அது அபூர்வம்.

அம்மா வசந்தாவின் பாதங்களைப் பார்த்தார். விரலிடுக்கில் சேறு காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. பிறகு ஜூனியரிடம், "வக்காலத்துல உங்க கையெழுத்தும் இருக்குல்ல?" என்றார்.

"இருக்குங்கம்மா."

"அப்ப சீனியருக்குப் பதிலா நீங்களே கேளுங்க."

நல்ல பையன் அவர். முதலில் நன்றாகவே கேட்டார். பண்ணைக்காரர் எழுதிக் கொடுத்த பத்திரம் ஏதாவது உண்டா? இல்லைங்க. ஒரு துண்டுச் சீட்டாவது? இல்லைங்க. மாசாமாசம் வாடகை கொடுத்துத்தான் உங்கள் மாமனார் இருந்தார் என்கிறேன், என்றார். வாடகை இல்லைங்க என்றார் வசந்தா.

அத்தோடு அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். சீனியராக இருந்தால் உட்கார்ந்திருப்பார். இளரத்தம், கோபம் வந்துவிட்டது.

"பத்திரமும் இல்லை, வாடகையும் இல்லைங்கிறீங்க. அப்ப சும்மாவா எடம் குடுத்தாங்க?"

நான் மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

"சும்மா யாருங்க குடுப்பா?" என்றார் வசந்தா. "எங்க மாமனாரு பண்ணைக்குத் தண்ணி பாத்தவரு. எந்நேரம் மடை ஒடைஞ்சாலும் ஓடியாரணும்னு வாய்க்காத் தலைப்புலயே குடிசை போட்டுக்கச் சொன்னாங்க. பண்ணை வீட்டுக் கொல்லையிலேர்ந்து கூப்பிட்டா எங்களுக்குக் கேக்கும். நான் கலியாணமாகி வந்த புதுசுல அந்தச் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடும். ஒரு கூப்பாடுதான். மறு கூப்பாட்டுக்கு அவரு மடையில நிப்பாரு. நடவுன்னா நானும் மாமியாரும் எறங்கணும், அறுப்புன்னா எங்க வீட்டுக்காரரு எறங்கணும். அதுக்குத்தாங்க குடுத்தாங்க."

ஜூனியர் உட்கார்ந்தார். பவர் ஏஜெண்டு அவரைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

பேர் இருக்கு

சாட்சி சொன்னதை எழுதி, திரும்பப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். எழுதும்போது அது கோர்ட் தமிழாகிவிடும். கிளார்க் படித்தார்: "எனது மாமனார் மேற்படி பண்ணையில் நீர் பாய்ச்சும் வேலை பார்த்தார் என்றால் சரிதான். அவ்வேலையின் பொருட்டே தாவா மனையில் குடியமர்த்தப்பட்டார் என்றால் சரிதான். வாடகை செலுத்தி வந்தார் என்றால் சரியல்ல."

சரியாக இருக்கிறதா என்று அம்மா கேட்டார். வசந்தா தயங்கினார். இத்தனைக்கும் பிறகு ஏதாவது மாற்றிச் சொல்லிவிடப் போகிறாரோ?

"சரிதாங்க. ஆனா எங்க மாமனாருக்குப் பேரு இருக்குங்க."

"சொல்லுங்க."

"சன்னாசி. பண்ணையில அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டேய்ங்கிறதுதான். பேரு சன்னாசிங்க."

'எனது மாமனார்' என்பதற்குப் பின்னால் அந்தப் பெயரைச் சேர்க்கச் சொன்னார் அம்மா. சேர்த்தார்கள். வசந்தா கையெழுத்துப் போட்டார்.

அடுத்த அறுவடைக்குள் தீர்ப்பு வந்தது. காலி செய்யச் சொன்ன வழக்கு தள்ளுபடி, வீடு வசந்தாவுக்கே. தீர்ப்பில் என் வாதத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. அந்த ஜூனியரின் கடைசிக் கேள்வியையும் அதற்கு வசந்தா சொன்ன பதிலையும் பற்றி முழுப் பக்கம் இருந்தது.

எதிர்த்தரப்பு அப்பீலுக்குப் போய்விட்டது. இப்போது சென்னையிலிருந்து ஒரு சீனியர். இந்தப் பக்கம், இலவச உதவிக்கு மறுபடியும் விண்ணப்பம் போட்டு, மறுபடியும் நான். அப்பீல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அப்பீல் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தியைச் சொல்ல அன்று வசந்தாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். ஒரு நல்ல சேதியும் இருக்கிறது என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். "இந்தத் தடவை நீங்க அலைய வேண்டாம்மா. நடவை விட்டுட்டு வர வேண்டாம். மேல்கோர்ட்டுல கூண்டு கெடையாது, சாட்சி கெடையாது."

"நான் பேச வேண்டாங்களா?"

"வேண்டாம். வக்கீலுங்க பேசினாப் போதும்."

"அவங்க பக்கம் அந்த மெட்ராஸ் வக்கீலு. எங்க பக்கம் நீங்க மட்டுங்களா?"

"ஆமா."

துலக்கிய குண்டானைக் கவிழ்த்து வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பத்தான் சார் பயமா இருக்கு."